ஓராண்டு மேயர், எண்பது ஆண்டு ஏரி

பூந்தமல்லி பக்கம் இருந்து காலேஜுக்கு வர்றவங்க செம்பரம்பாக்கம் ஏரியைப் பார்த்திருப்பீங்க. அந்த ஏரிக்குப் பூண்டியில இருந்தும் கால்வாய் வழியா தண்ணி வருது. பூண்டி நீர்த்தேக்கத்தோட பெயர் சத்தியமூர்த்தி சாகர். யார் இந்த சத்தியமூர்த்தி?

1887-ல் புதுக்கோட்டை பக்கம் திருமயத்தில் பிறந்தவர். சட்டம் படித்து வக்கீலானார். ஆனா ஊருக்கு அவர் மேடைப் பேச்சாளர், காங்கிரஸ் தலைவர், காமராஜரின் அரசியல் குரு. 1939-ல் சென்னை மேயர் ஆனார். அப்போ மேயர் பதவி ஒரே ஒரு வருஷம்தான்.

அந்தக் காலத்துல சென்னையின் குடிநீர் பெரும்பாலும் புழல் ஏரியை நம்பித்தான் இருந்தது. மழைக்காலத்தில் கொசஸ்தலை ஆற்றுத் தண்ணீர் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தது. அதைப் பூண்டியில் தேக்கணும்னு சத்தியமூர்த்தி விடாமல் நின்றார். உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோதே, 1940-ல் அடிக்கல் விழுந்தது. 1942 ஆகஸ்ட் போராட்டத்தில் கைதானார். சிறையில் உடல்நிலை கெட்டு, 1943 மார்ச் 28-ல் காலமானார். 1944-ல் பூண்டி பயன்பாட்டுக்கு வந்தது. செலவு 65 லட்சம் ரூபாய். தண்ணீர் நிறைந்ததை அவர் பார்க்கவில்லை.

மேனேஜ்மென்ட் பேப்பர்ல ப்ராஜெக்ட், ஆபரேஷன்ஸ்னு ரெண்டு மார்க் கேள்வி வருமே, அதுக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியல. அடிக்கல்லில் இருந்து திறப்பு வரைக்கும் ப்ராஜெக்ட். அதுக்குத் தொடக்கம், பட்ஜெட், முடிவு எல்லாம் உண்டு. மறுநாள் காலையில ஆரம்பிக்கிறது ஆபரேஷன்ஸ். தினமும் நீர்மட்டம் குறிக்கணும், மதகுக்கு கிரீஸ் போடணும், கரையைச் சுத்திப் பார்க்கணும், மழை வந்தா எப்போ எவ்வளவு திறக்கணும்னு முடிவெடுக்கணும். இதுக்குக் கடைசித் தேதியும் இல்ல, கல்வெட்டும் இல்ல.

2015 டிசம்பர் வெள்ளத்துல செம்பரம்பாக்கம் ஏரியைக் கட்டினது யாருன்னு ஒருத்தரும் கேட்கல. மதகை எப்போ திறந்தாங்க, எவ்வளவு திறந்தாங்கன்னுதான் ஊரே கேட்டது.

ஒரு வருஷப் பதவியில் இருந்தவர், தன் ஆயுளைத் தாண்டி நிற்கிற ஒன்றைத் தொடங்கி வைத்தார். ஆனா எண்பது வருஷமா அதை ஓட்டிக்கிட்டு வர்றவங்க பெயர் நமக்குத் தெரியாது.

எங்க டீமோட ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் ஒரு வாட்டர் லெவல் சென்சார். டெமோ நாள் வரைக்கும்தான் யோசிச்சிருந்தோம். நாங்க போன பிறகு அதுக்கு பேட்டரி மாத்தப்போறது யார்? ரிப்போர்ட்ல அதுக்குன்னு ஒரு பக்கம் சேர்க்கப்போறோம்.