பிடி அரிசியில் படித்த பிள்ளை

விருதுநகரில் அந்தக் காலத்தில் ஒரு நல்ல வழக்கம் இருந்தது. வீட்டில் உலை வைக்கும்போது பெண்கள் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைப்பார்கள். இப்படி வீடு வீடாகச் சேர்ந்த அரிசியைக் கொண்டு ஊருக்குள் ஒரு பள்ளிக்கூடமே நடந்தது. அதன் பெயர் சத்திரிய வித்யாசாலா. அங்கே படித்த பையன்களில் ஒருவர்தான் பின்னாளில் நாம் கர்மவீரர் என்று போற்றும் காமராஜர்.

1903 ஜூலை 15-ஆம் தேதி பிறந்தவர். ஆறு வயதில் அப்பா குமாரசாமி காலமானார். அம்மா சிவகாமி நகைகளை விற்று, அந்தப் பணத்தில் வந்த வட்டியை வைத்துக் குடும்பத்தை ஓட்டினார். பன்னிரண்டு வயது வாக்கில் பையனின் படிப்பு நின்றுபோனது. மாமாவின் துணிக்கடையில் வேலைக்குப் போனார். அப்புறம் சுதந்திரப் போராட்டம், சிறை. விட்ட படிப்பைச் சிறைக்குள்தான் புத்தகங்கள் வழியே பிடித்தார்.

1954 ஏப்ரலில் அவர் சென்னை மாநிலத்தின் முதலமைச்சர் ஆனார். அப்போது கிராமத் தொடக்கப் பள்ளிகளில் படிப்பு நேரத்தைக் குறைத்து, மீதி நேரத்தில் பிள்ளைகள் அப்பாவின் தொழிலைப் பழகட்டும் என்றொரு திட்டம் இருந்தது. வந்த வேகத்தில் அது கைவிடப்பட்டது. மூடிக் கிடந்த பள்ளிகள் திறந்தன. சின்னஞ்சிறு ஊர்களுக்கும் புதுப் பள்ளிகள் வந்தன.

ஆனால் பள்ளியைத் திறந்துவிட்டால் மட்டும் பிள்ளை வந்துவிடுமா?

பெரியவர்கள் இன்றும் சொல்லும் ஒரு சம்பவம் உண்டு. காமராஜர் காரில் போகும்போது வழியில் மாடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பையனைப் பார்த்தாராம். ஏன் பள்ளிக்கூடம் போகவில்லை என்று கேட்டாராம். போனால் சாப்பாட்டுக்கு யார் வழி செய்வது என்று பையன் திருப்பிக் கேட்டானாம். அவருக்கு அது புதுக் கேள்வி இல்லை. அவருடைய சொந்த வீட்டிலும் அதே கேள்வி இருந்ததுதானே!

கல்வித்துறை இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலுவும் இதே கவலையில் இருந்தார். பள்ளிகளில் மதிய உணவு போடலாம் என்ற யோசனை வளர்ந்தது. பணத்துக்கு எங்கே போவது என்று அதிகாரிகள் தயங்கினார்கள். காமராஜர் ஊர் மக்களிடம் போனார். அரிசி, பருப்பு, காய்கறி, விறகு என்று அவரவரால் முடிந்ததைக் கொடுத்தார்கள். 1956-இல் பாரதி பிறந்த எட்டயபுரத்தில் திட்டம் தொடங்கியது. பிறகு அரசும் செலவில் பங்கேற்றது. விருதுநகரின் அந்த ஒரு பிடி அரிசி மாநிலம் முழுக்க உலையில் கொதித்தது.

அடுத்து, கிழிந்த சட்டையோடு வரக் கூச்சப்படும் பிள்ளைகளுக்குச் சீருடை. ஏழைப் பிள்ளைகளுக்கு உயர்நிலைப் பள்ளி வரை இலவசப் படிப்பு. பிள்ளை வராததற்குப் பெற்றோரைத் திட்டிக்கொண்டிருக்காமல், எது தடுக்கிறது என்று பார்த்து, அதை ஒவ்வொன்றாக அகற்றினார். இதுதான் அவருடைய வழி.

1963-இல் முதல்வர் பதவியை விட்டார். 1975 அக்டோபர் 2, காந்தி ஜெயந்தி அன்று மறைந்தார். கடைசிவரை வாடகை வீடுதான். திருமணம் செய்துகொள்ளவில்லை. சொத்து என்று சொல்லும்படி எதுவும் சேர்க்கவில்லை.

தம்பி தங்கைகளே, கோயிலில் அன்னதானம் பரிமாற நாம் முந்திக்கொண்டு நிற்கிறோம். நல்லதுதான். அந்தப் பந்தியில் பள்ளி நேரத்தில் ஒரு பிள்ளை உட்கார்ந்திருந்தால், பக்கத்தில் போய்ப் பேசிப் பாருங்கள். பிறப்புப் பத்திரம் இல்லையா, பாரம் நிரப்பத் தெரியவில்லையா, பஸ் காசு இல்லையா? காரணம் தெரிந்தால் ஒருவர் கூடவே அலுவலகத்துக்குப் போகலாம், ஒருவர் பாரத்தை நிரப்பலாம், நாலு பேர் சேர்ந்து பஸ் காசு போடலாம். நாம் எடுத்து வைக்கும் ஒரு பிடி அரிசி அதுதான்.