பம்மல் சம்பந்த முதலியாரும் அவர் சபையோரும்

பல்லாவரத்திற்கு மேற்கே, இன்று தாம்பரம் மாநகராட்சிக்குள் அடங்கியுள்ள பம்மல் என்னும் ஊரின் பெயரைத் தமிழ் நாடகாபிமானிகள் நன்கறிவர். அவ்வூரைப் பூர்விகமாகக் கொண்ட சம்பந்த முதலியார் 1873-ஆம் ஆண்டு சென்னையில் பிறந்தார். தந்தையார் விஜயரங்க முதலியார் கல்வித் துறையில் உத்தியோகம் வகித்தவர். தமிழ் நூல்களை அச்சிட்டவர்.

தமிழ் நாடகத்தின் தந்தை எனப் போற்றப்பெறும் இவர் இளமையில் தமிழ் நாடகத்தை வெறுத்தவர் என்பது விந்தையே. அந்நாளில் நாடகம் இரவு முழுதும் நீளும். பாட்டு மிகுதி, வசனம் சொற்பம். நடிப்போரைக் கூத்தாடிகளென இகழ்ந்த கற்றோர் அப்பக்கம் தலைகாட்டார். 1891-ல் பல்லாரிக் கிருஷ்ணமாசார்லு தம் சரஸ விநோதினி சபையாருடன் சென்னைக்கு வந்து தெலுங்கு நாடகங்கள் நடத்தினார். மேடையேறியவர்கள் கற்றவர்களும் உத்தியோகஸ்தர்களும் ஆவர் எனக் கண்டபோது, பதினெட்டு வயது மாணவரின் மனம் மாறியது. அவ்வாண்டு ஜூலை 1-ஆம் தேதி நண்பர் சிலருடன் சுகுண விலாச சபையை நிறுவினார்.

இச்சபையின் அமைப்பே நாம் ஊன்றி நோக்கத்தக்கது. ஊர் ஊராகச் சென்ற கம்பெனிகளுக்கும் பார்ப்போருக்கும் இருந்த உறவு, சீட்டு விற்குமிடத்தில் தொடங்கி விடியற்காலையில் முடிந்துபோம். இங்கோ, சந்தா செலுத்தும் அங்கத்தினரே பார்ப்போர். அவர்களுள்ளிருந்தே நடிப்போரும் எழுந்தனர். ஊதியம் எவருக்குமில்லை. இன்று அரிதாரம் பூசியவர் மறுமுறை சபையோரோடு அமர்ந்து பிறர் நடிப்பைச் சீர்தூக்குவார். விக்டோரியா பப்ளிக் ஹாலில் சபைக்கென இடமமைந்தபின் வாசிப்பும் விளையாட்டும் தசராக் கொண்டாட்டமுமாக, நாடகமில்லாத நாட்களிலும் அங்கத்தினர் வந்து கூடினர். வேஷம் பங்கிடுவதில் மனஸ்தாபங்கள் நேராமலில்லை. உறவு நெருங்கிய இடத்தில்தானே பிணக்கும் நெருங்கும்! சத்தியமூர்த்தி, ஆர். கே. சண்முகம் செட்டியார் போன்றோரும் இச்சபையில் வேடம் புனைந்தவர்களே.

முதலியார் தம் சபையோரின் பொழுதை மதித்தார். நாடகத்தை மூன்று மணி நேரமளவிற்குச் சுருக்கினார். வசனத்திற்கு முதலிடம் தந்தார். 1895-ல் அரங்கேறிய மனோகரா, பின்னர் தொழில்முறைக் கம்பெனிகளும் விடாது நடித்த நாடகமாயிற்று. ஹாம்லெட்டை அமலாதித்யனாகவும், வெனிஸ் வணிகனை வாணிபுரத்து வணிகனாகவும் தமிழ் உடுத்தி நிறுத்தினார். கல்லூரிகளில் ஷேக்ஸ்பியர் பயின்ற சபையோர், தாம் பாடமாகக் கற்றதைத் தாய்மொழியில் கேட்டபோது எய்திய உவகையை நாம் ஊகிக்கலாம். அவருடைய கதாநாயகர்களுக்கு எதிரே பெண் வேடம் தரித்தவர் வக்கீல் ரங்கவடிவேலு. அவர் மறைவு முதலியாருக்கு ஆறாத துயராயிற்று.

சபையின் உறவு கடலையும் கடந்தது. சபையார் இலங்கை சென்று நடித்ததைக் கண்டு மகிழ்ந்த யாழ்ப்பாணத்துச் சொர்ணலிங்கம், பார்த்ததோடு அமையாமல் முதலியாரைக் குருவாக வரித்தார். கொழும்பில் அவர் தம் தோழருடன் வளர்த்த லங்கா சுபோத விலாச சபையின் பெயரிலேயே குருவின் சபை ஒலிப்பதைக் காணலாம். பிற்காலத்தில் ஈழத்தார் அவரைக் கலையரசு என்றழைத்தனர்.

வக்கீலாயிருந்த முதலியார் 1924-ல் சிறு வழக்கு நீதிமன்ற நீதிபதியானார். தொண்ணூறுக்கு மேற்பட்ட நாடகங்கள் எழுதிய அவர், ஓய்வு பெற்றபின் நாடகமேடை நினைவுகளைச் சுதேசமித்திரனில் தொடர்ந்து வெளியிட்டார். தம் வெற்றிகளோடு பிழைகளையும், உடன் நடித்தோர் ஒவ்வொருவரையும் அதில் அன்புடன் நினைவுகூர்கிறார். நாடகமில்லாத வேளையிலும் சபையோரைக் கூட்டிவைத்த பழைய வழக்கத்தையே எழுத்திலும் அவர் கைக்கொண்டாரென எனக்குத் தோன்றுகிறது. 1959-ல் பத்மபூஷண் விருது பெற்று, 1964-ல் இயற்கை எய்தினார். அவர் நிறுவிய சபை, மனமகிழ் மன்றமாக, அண்ணா சாலையில் அதே பெயரைத் தாங்கி நிற்கின்றது.