நஞ்சுக்கு மாற்றுக் கண்ட புன்ஸன்

சோதனைச் சாலைக்குள் ஒரு நாளேனும் கால் வைத்தவர் புன்ஸன் என்ற பெயரைக் கேட்காமல் வெளியே வந்திருக்க மாட்டார். நீலச் சுடர் விட்டு எரியும் அடுப்பு அப்பெயரைத் தாங்கி நிற்கிறது. ஆனால் அந்த அடுப்பு அவருடைய நாற்பத்து நான்காம் வயதில் பிறந்தது. அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே, நம்மில் பலருக்கு இன்று ஆகும் வயதில், அவர் உயிர் காக்கும் உண்மை ஒன்றைக் கண்டுபிடித்தார். அதை அறிந்தவர் சிலரே.

ராபர்ட் வில்ஹெல்ம் புன்ஸன் 1811-ஆம் ஆண்டில் ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் பிறந்தார். தந்தையார் அவ்வூர்ப் பல்கலைக் கழகத்தில் பேராசிரியர். புதல்வர் நால்வரில் ராபர்ட்டே இளையவர். இரசாயனம் கற்று, இருபது வயதை ஒட்டி டாக்டர் பட்டம் பெற்றார். பிறகு பாரிஸ், வியன்னா முதலிய நகரங்களுக்குச் சென்று, ஆராய்ச்சிச் சாலைகளையும் தொழிற்சாலைகளையும் கண்டு, கோட்டிங்கனுக்கே திரும்பி ஆசிரியரானார்.

அந்நாளில் ஐரோப்பாவை அச்சுறுத்திய நஞ்சு வெள்ளைப் பாஷாணம். ஆர்ஸனிக்கின் ஆக்ஸைடு அது. எலியைக் கொல்ல வீட்டில் வைத்திருப்பார்கள். மனிதரைக் கொல்லவும் அது பயன்பட்டது. நிறமில்லை, மணமில்லை, சுவையும் இல்லை. உண்டவருக்குக் கொடுக்க நம்பகமான மாற்று மருந்தும் இல்லை.

புன்ஸன் ஒரு சிறு செய்தியைக் கவனித்தார். இரும்பு உப்பின் கரைசலில் காரத்தை ஊற்றினால் செம்பழுப்பு நிறத்தில் கொழகொழவென்று ஒரு வண்டல் படியும். நாம் துரு என்கிறோமே, அதன் நெருங்கிய உறவு இது. புதிதாகப் படிந்த இந்த வண்டலைப் பாஷாணம் கரைந்த நீரில் கலந்து வடிகட்டினார். வடிந்த நீரில் ஹைட்ரஜன் ஸல்பைடு வாயுவைச் செலுத்தினார். ஆர்ஸனிக் இருந்தால் மஞ்சள் நிறம் காட்டிக் கொடுத்துவிடும். மஞ்சள் தோன்றவில்லை. நஞ்சு முழுவதும் துருவோடு தங்கிவிட்டது!

உடனே பெர்ட்டோல்ட் என்னும் மருத்துவரோடு சேர்ந்து விலங்குகளிடம் சோதித்து, 1834-ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டார். அப்போது அவருக்கு வயது 23. பாஷாணம் உண்டவருக்கு அந்த வண்டலை உடனே புகட்டினால், வயிற்றிலுள்ள நஞ்சு இரத்தத்தில் கலக்குமுன் அதை அது பிடித்துக்கொள்ளும். ஆனால் வண்டல் புதியதாக இருக்கவேண்டும். நாள்பட்டால் அது இறுகிப் படிகமாகிவிடும். பிடிக்கும் ஆற்றல் குறைந்துவிடும். வேறு மருந்துகள் வரும்வரை இம்மருந்து பல நாட்டு மருந்து நூல்களில் நெடுங்காலம் இடம்பெற்றிருந்தது.

துரு நஞ்சைப் பிடிப்பது எப்படி? அதன் துகள்கள் மிக நுண்ணியவை. ஒரு கிராம் வண்டலின் மேற்பரப்பை விரித்தால் இருநூறு சதுர மீட்டருக்கும் மேல் வரும். அப்பரப்பில் இரும்பு அணுக்கள் வெளியே கை நீட்டி நிற்கின்றன. ஆர்ஸனிக் தன் ஆக்ஸிஜன் அணுக்களின் வழியாக, அண்டையிலுள்ள இரண்டு இரும்பு அணுக்களை ஒருங்கே பற்றிக்கொள்கிறது. ஒட்டிய தூசி போன்ற பிணைப்பன்று இது. உறுதியான இரசாயனப் பிணைப்பு.

நஞ்சை வென்றவரை நஞ்சு சும்மா விடவில்லை. 1836-இல் காஸல் நகரத் தொழிற்பள்ளிக்குச் சென்ற புன்ஸன், காகோடைல் என்னும் ஆர்ஸனிக் சேர்மங்களை ஆராயத் தொடங்கினார். சகிக்க முடியாத நாற்றம். காற்றுப் பட்டால் தீப்பற்றும் இயல்பு. ஒரு நாள் கலம் வெடித்தது. வலக்கண் பார்வை போயிற்று; ஆர்ஸனிக் உடலில் ஏறி உயிருக்கே ஆபத்து வந்தது. தேறி எழுந்தவர் அதே ஆராய்ச்சியைத் தொடர்ந்து முடித்தார்!

மார்பர்க் முதலிய ஊர்களில் பணியாற்றிய பின் 1852-இல் ஹைடல்பர்க் பல்கலைக் கழகம் சேர்ந்தார். 1855-இல் புகழ்பெற்ற அடுப்பு வந்தது. அதற்கு அவர் காப்புரிமை பெறவில்லை. கிர்ச்சாஃப் என்னும் பௌதிகப் பேராசிரியரோடு சேர்ந்து, சுடரின் ஒளியைப் பட்டகத்தால் பிரித்துத் தனிமங்களை அடையாளம் காணும் முறையை வகுத்தார். சுமார் 40 டன் ஊற்று நீரைச் சுண்டக் காய்ச்சி 1860-இல் ஸீஸியத்தை இருவரும் கண்டனர்; மறு ஆண்டில் ருபீடியத்தையும் கண்டனர். மணம் புரியாமல் மாணவர்களையே குடும்பமாகக் கொண்டு வாழ்ந்த புன்ஸன் 1899-இல் மறைந்தார்.

அவர் குப்பியில் கண்ட செயலை இயற்கை ஓடைகளில் தானே நடத்துகிறது. சுரங்கம் தோண்டும்போது, பூமிக்குள் உறங்கிய பைரைட், ஆர்ஸனோபைரைட் முதலிய கனிமங்கள் காற்றையும் நீரையும் காண்கின்றன. கந்தகம் அமிலமாகிறது, இரும்பும் ஆர்ஸனிக்கும் கரைந்து ஓடுகின்றன. பிரான்ஸின் தென்பகுதியில் கார்னூலே என்னும் ஈயச் சுரங்கம் 1962-இல் மூடப்பட்டது. அதன் கழிவுமேட்டிலிருந்து ரெய்கூ என்னும் சிற்றோடை பிறக்கிறது. அதன் தலையூற்றில் லிட்டருக்கு 100 மில்லிகிராமுக்கு மேல் ஆர்ஸனிக்கை அளந்திருக்கிறார்கள். குடிநீரில் உலக சுகாதார நிறுவனம் ஏற்கும் அளவு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம்தான்!

ஆயினும் அவ்வோடை முதல் 30 மீட்டர் ஓடுவதற்குள், கரைந்த ஆர்ஸனிக்கில் ஐந்தில் ஒரு பங்கு முதல் ஐந்தில் மூன்று பங்கு வரை நீரை விட்டு நீங்கிவிடுகிறது. காற்றின் உதவியால் பாக்டீரியாக்கள் இரும்பைத் துருவாக்குகின்றன. துரு நஞ்சைப் பற்றிக்கொண்டு ஓடைப் படுகையில் செம்மஞ்சள் வண்டலாகப் படிகிறது. புன்ஸனின் மருந்தைக் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் தயாரிக்கின்றன!

ஆனால் இந்தக் காவல் நிரந்தரமானதன்று. வண்டல் ஆழப் புதைந்து காற்று அற்றுப்போனால், வேறு வகைப் பாக்டீரியாக்கள் இரும்பைக் கரைத்துவிடும். சிறைப்பட்ட ஆர்ஸனிக் விடுதலையாகும். இதன் கொடுமையை அறிய நாம் பிரான்ஸ் போகவேண்டியதில்லை. மேற்கு வங்காளத்தில் குழாய்க் கிணற்று நீரால் நேர்ந்த ஆர்ஸனிக் நோய் 1983-இல் வெளிச்சத்துக்கு வந்தது. அங்கே சுரங்கம் காரணமன்று. இமயத்திலிருந்து ஆறுகள் கொணர்ந்த வண்டலில், துரு பிடித்து வைத்திருந்த நஞ்சே நிலத்தடியில் அவிழ்ந்து நீரில் கலந்தது. அதை வடிகட்ட இன்று பயன்படும் பொருள்களிலும் இரும்பு ஆக்ஸைடு முக்கியமானது. அவிழ்த்து விட்ட இரும்பையே மறுபடியும் காவலுக்கு நிறுத்துகிறோம். ஆனால் வடிகட்டியின் வேலை அதை நிறுவியதோடு முடிவதில்லை. நிறைந்த வடிபொருளை மாற்றவேண்டும்; நஞ்சேறிய கழிவைப் பத்திரமாக அகற்றவேண்டும்; நீரை அடிக்கடி சோதிக்கவேண்டும். கவனிப்பாரற்ற வடிகட்டி இருந்தும் இல்லாததற்குச் சமம்.

நண்பர்களே, புன்ஸன் 23 வயதில் கண்ட உண்மை கிராமத்துக் குழாயடிக்கு முழுமையாகப் போய்ச் சேரவில்லை. விஞ்ஞானம் பயிலும் நம்மில் சிலராவது அந்த வேலையில் தோள்கொடுக்க முன்வருவோமா?