வீட்டுப் பட்டறையில் பிறந்த இசை: ரொபர்ட் மோக்கின் வாழ்வு

லிந்துலை கடைவீதியில் 1980களில் வானொலிப் பெட்டி திருத்தும் சிறிய கடையொன்று இருந்தது. ஒரு மேசை, ஈயம் பற்றவைக்கும் சூட்டுக்கோல், பிரித்துப் போட்ட பெட்டிகள், அவற்றின் நடுவே ஒரு நானா. அவ்வளவுதான் அக்கடை. சிற்றலை வரிசையில் அவர் முள்ளை மெல்ல நகர்த்தும்போது இரு நிலையங்களுக்கு இடையே கீழிருந்து மேலாக ஒரு சீழ்க்கை ஒலி எழும். ஞாயிற்றுக்கிழமைகளில் லயன்களிலிருந்து வந்து அங்கு குந்தியிருக்கும் சிறுவர்களுக்கு அது வேடிக்கை. வீதியால் செல்வோருக்கு அது இரைச்சல்.

அந்தச் சீழ்க்கையின் தத்துவத்திலிருந்தே ஓர் இசைக்கருவி உருவானது என்பதையும், அக்கருவியைத் தன் வீட்டில் செய்து பார்த்த ஒரு சிறுவன் பின்னாளில் உலக இசையின் போக்கையே மாற்றினார் என்பதையும் அன்று நாம் அறிந்திருக்கவில்லை. அவர்தான் ரொபர்ட் மோக். அவர் மறைந்து இருபது ஆண்டுகள் கடந்துவிட்ட இன்று அவரது வாழ்வைத் திரும்பிப் பார்ப்பது, குறிப்பாக நமது மலையக இளைஞரை மனதிற்கொண்டு பார்ப்பது, பயனுடையது எனலாம்.

1934ஆம் ஆண்டு மே 23ஆம் திகதி நியூயோர்க் நகரின் குயின்ஸ் பகுதியில் அவர் பிறந்தார். தந்தை மின்சார நிறுவனமொன்றின் பொறியியலாளர். மகன் பியானோக் கலைஞனாக வேண்டுமென்பது தாயின் பேரவா. எனவே நாள்தோறும் மணிக்கணக்கில் பியானோப் பயிற்சி நடந்தது. ஆனால் சிறுவனின் மனமோ வீட்டின் நிலக்கீழ் அறையில் தந்தை அமைத்திருந்த பட்டறையையே நாடியது. தாய் ஊட்டிய இசையும் தந்தை பழக்கிய கைத்தொழிலும் அவரிடத்தே ஒன்று கலந்தன. இவ்விரண்டில் ஒன்று குறைந்திருப்பினும் பின்னர் நிகழ்ந்தது நிகழ்ந்திராது.

ரஷ்யரான லியோன் தெரமின் 1920ஆம் ஆண்டளவில் கண்டுபிடித்த இசைக்கருவி அக்காலத்தில் பெரும் வியப்புக்குரியதாக விளங்கியது. அதனைத் தொடாமலே வாசிக்கலாம். செவிக்கு எட்டாத இரு உயர் அதிர்வுகளை ஒன்று சேர்த்தால் அவற்றின் வேறுபாடு செவிக்கு ஒலியாகக் கேட்கும். கையை அருகே கொண்டுசெல்லும்போது ஓர் அதிர்வு சிறிது மாற, ஒலியின் சுருதியும் மாறுகிறது. வானொலியில் நாம் கேட்ட சீழ்க்கையும் இதே வகையினதே. சஞ்சிகை ஒன்றில் வெளிவந்த வரைபடத்தைப் பார்த்து மோக் தமது பதினான்காவது வயதில் இக்கருவியை அமைத்தார். தாம் கற்றதை அவர் தம்முடனேயே வைத்துக்கொள்ளவில்லை. 1954இல், பத்தொன்பது வயதில், கருவியைச் செய்யும் முறையை விளக்கித் தாமே ஒரு கட்டுரை எழுதினார். தந்தையும் மகனும் வீட்டிலிருந்தே அக்கருவிகளைச் செய்து விற்கவும் தொடங்கினர்.

குயின்ஸ் கல்லூரியில் பௌதிகவியலும், கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் மின்பொறியியலும் பயின்ற அவர், பின்னர் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவரானார். குடும்பச் செலவுக்கு வழி வேண்டும். 1961இல் திரான்சிஸ்டரைக் கொண்டு இயங்கும் தெரமின் கருவியின் வரைபடத்தை வெளியிட்டு, அதன் பாகங்களைப் பொதிகளாக்கி வீட்டிலிருந்தே விற்றார். ஏறத்தாழ ஆயிரம் பொதிகள் விற்பனையாகின. வாங்கியவர்கள் தம் வீட்டு மேசைகளில் தாமே ஈயம் பற்றவைத்துக் கருவியை முடித்துக்கொண்டனர். இந்த அலுவல்களினிடையே அவரது கலாநிதிப் பட்டம் 1965ஆம் ஆண்டு வரை தாமதமானது என்பது குறிப்பிடத்தக்கது.

1963ஆம் ஆண்டின் பிற்பகுதியில் இசை ஆசிரியர்களின் மாநாடொன்றில் ஹெர்பர்ட் டொயிட்ச் என்ற இசையமைப்பாளரை அவர் சந்தித்தார். அக்காலத்தில் இலத்திரனியல் இசை என்பது ஒலிநாடாவைத் துண்டு துண்டாக வெட்டி ஒட்டும் கடினமான வேலையாக இருந்தது. அதற்கு மாற்று வழி காண இருவரும் எண்ணினர். 1964 கோடையில் டிரமன்ஸ்பேர்க் என்ற சிற்றூரில் இருவரும் சேர்ந்து உழைத்தனர். ஒலியின் எழுச்சியையும் தேய்வையும் கட்டுப்படுத்த ஒரு விசை தேவைப்பட்டபோது, அருகிலிருந்த கடையில் வாங்கிய அழைப்புமணிப் பொத்தானே அதற்குப் போதுமானதாக இருந்தது.

அவ்விதம் பிறந்ததே சிந்தசைசர் என்னும் இசைக்கருவி. அதன் அடிப்படை எளிமையானது. ஒரு பெட்டி ஒலியை எழுப்பும். இன்னொன்று அவ்வொலியை வடிகட்டி அதன் நிறத்தை மாற்றும். மூன்றாவது அதன் உரப்பைக் கூட்டிக் குறைக்கும். இவை ஒவ்வொன்றையும் மின்னழுத்தமே கட்டுப்படுத்தும். அழுத்தம் ஒரு வோல்ற்று உயர்ந்தால் சுருதி ஒரு ஸ்தாயி உயரும். அதாவது கீழ் 'ச' மேல் 'ச' ஆகும். தனித்தனியான இப்பெட்டிகளைப் பழைய தொலைபேசி நிலையங்களில் இருந்ததைப் போன்ற வடங்களால் விரும்பியவாறு இணைத்துக்கொள்ளலாம். இணைப்பு மாறினால் ஒலியும் மாறும். 1964 இலையுதிர் காலத்தில் ஒலிப் பொறியியலாளர் சங்கத்தின் கூட்டத்தில் மோக் இதனை முன்வைத்தார். கேட்டவர்கள் அங்கேயே வாங்க முன்வந்தனர்.

இயந்திரத்தை இசைக்கச் செய்யும் ஆசை மேற்குலகில் மட்டும் தோன்றியதன்று. ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாத் நகரில் வாழ்ந்த பனூ மூஸா சகோதரர் மூவர், நீரின் விசையால் தானே இசைக்கும் குழற்கருவியொன்றை விவரித்து எழுதியுள்ளனர். சுழலும் உருளையில் பதித்த முனைகளே எந்தத் துளை எப்போது திறக்க வேண்டும் என்பதை முடிவு செய்தன. முனைகளை மாற்றினால் இசையும் மாறும். மோக் அந்த நீண்ட மரபில் வந்த ஒருவர்.

1968இல் வென்டி கார்லோஸ், பாஹ் என்ற ஜேர்மனிய மேதையின் இசையை மோக்கின் கருவியில் வாசித்து வெளியிட்ட இசைத்தட்டு பெரும் வெற்றி பெற்று மூன்று கிராமி விருதுகளை ஈட்டியது. வாத்தியக் கலைஞரின் தொழிலை இயந்திரம் பறித்துவிடும் என்ற அச்சமும் அப்போது எழுந்தது. அடுத்த ஆண்டே இக்கருவி நம் அண்டை நாட்டை அடைந்தது. 1969இல் அகமதாபாத்திலுள்ள தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் டேவிட் டியூடர் என்ற அமெரிக்கக் கலைஞர் மோக் கருவியை நிறுவினார். இதன் பின்னணியில் இந்திய இசை கற்ற கீதா சாராபாய் இருந்தார். இந்தியக் கலைஞர் சிலர் அங்கு பதிவு செய்த ஒலிநாடாக்கள் பல தசாப்தங்கள் உறங்கிக் கிடந்து, 2023இல் இசைத்தட்டாக வெளிவந்தன.

1970இல் எடுத்துச் செல்லக்கூடிய சிறிய மினிமோக் வெளிவந்தது. அதன் முதல் மாதிரியை மோக்கின் ஊழியரான பொறியியலாளர் பில் ஹெம்சாத், பயன்படாது கிடந்த பழைய பாகங்களைப் பொறுக்கியே அமைத்தார். அதே வழியில் வந்த கருவிகள்தாம் 1980களில் இளையராஜாவின் பாடல்கள் வழியாக நம் வீடுகளிலும் ஒலித்தன. இன்று நம் திருமண மண்டபங்களில் 'ஓர்கன்' என்று அழைக்கப்படும் கருவியும் அதன் தூரத்து உறவே.

எனினும் புகழ் வந்த வேகத்தில் பணம் வரவில்லை. மோக் சிறந்த கைவினைஞர், வணிகரல்லர். கடன் பெருகவே 1971இல் நிறுவனம் கைமாறியது. 1977இல் அவர் அதிலிருந்து விலகியபோது, தமது பெயரையே தமது கருவிக்குச் சூட்டும் உரிமையும் அவரிடம் இருக்கவில்லை. ஒரு மனிதனுக்கு இதைவிடக் கசப்பான நிலை அரிது. அவரோ மனம் தளராது வட கரோலினாவின் மலைப்பகுதியில் குடியேறி, புதிய பெயரில் ஒரு சிறு பட்டறையைத் தொடங்கினார். அங்கு அவர் மீண்டும் செய்தது எதனை? பதினான்கு வயதில் செய்த அதே தெரமின் கருவியை. நீண்ட காலத்தின் பின் 2002இல் அவரது பெயர் அவரிடமே மீண்டது. மூன்று ஆண்டுகள் கழித்து, 2005 ஓகஸ்ட் 21ஆம் திகதி, மூளையில் ஏற்பட்ட கட்டியினால் தமது 71ஆவது வயதில் அவர் காலமானார்.

மோக்கின் புகழ்பெற்ற ஒலிவடிகட்டிக்கு 1969இல் காப்புரிமை கிடைத்தது. அதன் காலம் எப்போதோ முடிந்துவிட்டது. இன்று உலகெங்கும் ஆர்வலர்கள் அதனைத் தம் வீடுகளில் அமைக்கின்றனர். அதற்கு வேண்டியவை சில திரான்சிஸ்டர்கள், தடைகள், கொள்ளளவிகள் மட்டுமே. ஒலியெழுப்பும் எளிய சுற்றொன்றை ஒன்பது வோல்ற்று மின்கலத்தில் இயக்கிவிடலாம். பழுதான வானொலிப் பெட்டிகளே அதற்கான பாகங்களுட் பலவற்றைத் தரும்.

ஆகவே நமது பிள்ளைகளுக்குக் குறைவாக இருப்பது பொருள் மட்டுமல்ல. மோக்கிற்குக் கிடைத்தவை ஒரு பட்டறை மேசை, நேரம் ஒதுக்கிய ஒரு தந்தை, யாரோ மறைக்காமல் அச்சிட்டு வைத்த ஒரு வரைபடம். லயன் அறையில் மேசைக்கு இடமில்லை. கொழுந்து மலையிலிருந்து களைத்து வரும் பெற்றோருக்கு நேரமில்லை. விஞ்ஞான, கணித ஆசிரியர் பற்றாக்குறை தோட்டப்புறப் பாடசாலைகளின் தீராத குறையாகவே நீடிக்கிறது. 2013இல் உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவு அறிமுகமானபோது எழுந்த எதிர்பார்ப்பும் அப்பற்றாக்குறையின் முன்னேதான் நிற்கிறது. இதனால் கைத்திறன் மிக்க இளைஞன் திருத்துபவனாக மட்டும் எஞ்சிவிடுகிறான், ஆக்குபவனாக உயர்வதில்லை.

லிந்துலையில் அந்த நானா தம் கடைக்கு வந்த சிறுவர்களிடம் எந்த மதம், எந்தத் தோட்டம் என்று கேட்டதில்லை. ஆர்வத்தோடு பார்த்தவனிடம் சூட்டுக்கோலைக் கொடுத்தார். அச்சிறுவர்களுட் பலர் பின்னர் கொழும்புக் கடைகளுக்கு வேலைக்குச் சென்றுவிட்டனர். அவர்களுக்கு அவர் கொடுத்ததற்கு மேலே இன்னும் ஒரு படி தேவைப்பட்டது. மாலை வேளைகளில் திறந்திருக்கும் ஒரு பாடசாலை ஆய்வுகூடம், தமிழில் எழுதிய சில சுற்று வரைபடங்கள், வாரம் ஒருநாள் வந்து சொல்லிக்கொடுக்கும் ஓய்வுபெற்ற தொழில்நுட்பவியலாளர் ஒருவர் இருந்தால் அந்தப் படி உருவாகும். கோவில் மண்டபமோ பள்ளிவாசல் கட்டடமோ அதற்கு இடம் தரலாம். அரசின் பெருந்திட்டம் வரும்வரை இதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.