கோட்லீப் ஹேபர்லாண்ட்: செல் வளர்ப்பு மருந்துகளுக்கு வித்திட்டவர்

உங்களுக்கோ உங்கள் பராமரிப்பில் உள்ளவருக்கோ புற்றுநோய்க்காகப் பக்லிடாக்செல் செலுத்தப்படுகிறதா? முதலில் பசிபிக் யூ மரப்பட்டையிலிருந்து எடுக்கப்பட்ட அம்மருந்து, இன்று மரத்தை வெட்டாமல், யூ செல்களை ஆய்வகக் கலன்களில் வளர்த்தும் பெறப்படுகிறது. இம்முறைக்கு வித்திட்டவர் ஹேபர்லாண்ட்.

1854இல் ஹங்கேரியில் பிறந்த இத்தாவரவியலாளர், ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் பேராசிரியராக இருந்தார். ஒற்றைச் செல்லிலிருந்தே முழுத் தாவரத்தையும் உருவாக்க இயலும் எனக் கருதினார். இலைச் செல்களைப் பிரித்தெடுத்துச் சர்க்கரை கலந்த ஊட்டக் கரைசலில் இட்டார். அவை வாரக்கணக்கில் உயிர் வாழ்ந்தன, பருத்தன. ஆனால் ஒன்றுகூடப் பிரிந்து பெருகவில்லை. அம்முடிவை மறைக்காமல் 1902இல் வெளியிட்டார். வெற்றி பெற்ற பல ஆய்வுகளைவிட அந்தக் கட்டுரையே பிறருக்கு வழிகாட்டியது எனலாம். செல் பிரிதலைத் தூண்டும் பொருள்கள் தாவரத்திற்குள்ளேயே இருப்பதைப் பின்னர் உருளைக்கிழங்குத் துண்டுகளைக் கொண்டு காட்டினார்.

1930களில் பிற ஆய்வாளர்கள் தாவரத் திசுக்களைத் தொடர்ந்து வளர்த்துக் காட்டினர். ஹேபர்லாண்ட் 1945இல் பெர்லினில் காலமானார். ஒற்றைச் செல் முழுத் தாவரமானது அதன் பின்னரே.

தூய்மைப்படுத்திய பொருளே உங்களுக்கு அளிக்கப்படுகிறது. யூ மரத்தின் இலையும் விதையும் கொடிய நச்சுடையவை. அவற்றைக் கஷாயமாக அருந்தாதீர்கள்.