தீனபந்து ஆண்ட்ரூஸ்

1880-ஆம் ஆண்டு ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் என்ற ஆங்கிலேய நிறுவனம் கோலார் தங்கவயலில் சுரங்கப் பணியைத் தொடங்கியது. வட ஆற்காடு, சேலம் பகுதிகளிலிருந்து தமிழ் ஏழைகள் திரளாக அங்கே சென்று பூமிக்கு அடியில் இறங்கினர். மேலே ஐரோப்பிய அதிகாரிகளுக்குப் பங்களாக்களும் கிளப்பும் எழுந்தன. கூலிகளுக்கு நெருக்கமான 'லைன்' வீடுகள். அவர்களுள் கிறிஸ்தவர்களும் இருந்தனர். துரையும் கூலியும் தொழுத ஆண்டவர் ஒருவரே; ஆயினும் அவர்கள் ஒரே பந்தியில் அமரவில்லை.

அத்தகைய ஏழைகளே, 1860 முதல், சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறித் தென்னாப்பிரிக்காவின் நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்கும் ஒப்பந்தக் கூலிகளாகச் சென்றனர். அவர்களது கண்ணீரைத் துடைக்க, ஆளும் இனத்தில் பிறந்த ஒருவரே வந்தார். அவர்தாம் சார்லஸ் ஃபிரீயர் ஆண்ட்ரூஸ்.

1871 பிப்ரவரி 12 அன்று இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் அவர் பிறந்தார். தந்தையார் ஒரு மதபோதகர். கேம்பிரிட்ஜில் கல்வி பயின்று, 1897-இல் குருத்துவம் பெற்று, 1904-இல் டெல்லி புனித ஸ்டீபன் கல்லூரிக்கு ஆசிரியராக வந்தார். அங்கே சுசீல் குமார் ருத்ரா என்ற வங்காளக் கிறிஸ்தவரின் நட்பு அவருக்குக் கிடைத்தது. 1906-இல் கல்லூரி முதல்வர் பதவி காலியானபோது, அந்த இடத்தில் ஓர் இந்தியரை அமர்த்துவதா என்று சிலர் தயங்கினர். ருத்ராவே மூத்தவர், அவரே தகுதியானவர் என்று ஆண்ட்ரூஸ் பிடிவாதமாக நின்றார். ருத்ரா முதல்வரானார், ஆண்ட்ரூஸ் மகிழ்ச்சியோடு அவருக்குக் கீழே பணியாற்றினார். சமத்துவத்தைப் போதிப்பது எளிது. தனக்குக் கிடைக்கக்கூடிய நாற்காலியைப் பிறருக்கு அளிப்பது அத்தனை எளிதன்று.

1913-இல் நேட்டால் இந்தியத் தொழிலாளர்கள், அவர்களுள் பலர் தமிழர், மூன்று பவுன் தலைவரியை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்தனர். கோகலேயின் வேண்டுகோளை ஏற்று ஆண்ட்ரூஸ், நண்பர் பியர்சனுடன், 1914 ஜனவரியில் டர்பன் சேர்ந்தார். துறைமுகத்தில், ஒப்பந்தக் கூலியின் எளிய உடையில், தலை மழித்து நின்றார் காந்தி. அவரைக் கண்டதும் ஆண்ட்ரூஸ் குனிந்து அவர் பாதங்களைத் தொட்டார். ஒரு வெள்ளையர் ஆசியரின் காலைத் தொடுவதா? அங்கிருந்த வெள்ளையர் கொதித்தனர். அவரோ பொருட்படுத்தவில்லை. காந்திக்கும் ஸ்மட்ஸுக்கும் இடையே உடன்பாடு ஏற்பட அவர் பெரிதும் துணைபுரிந்தார். அவ்வாண்டே தலைவரி ஒழிந்தது. அந்த ஜனவரியில்தான் இங்கிலாந்தில் அவருடைய தாயார் காலமானார். மகனால் அருகில் இருக்க முடியவில்லை.

நிறவெறி தேவாலயத்தினுள்ளும் புகுந்திருந்தது அவரைப் புண்படுத்தியது. தம் இனத்தாரின் ஆலயங்களில் காணாத கிறிஸ்துவை இந்தியக் கூலிகளின் நடுவே கண்டதாக அவர் உணர்ந்தார். தோட்டத்தில் அடிபட்டு ஓடிவந்த ஒரு கூலி, வெள்ளை முகத்தைக் கண்டதுமே நடுங்கிய காட்சி அவர் மனத்தை விட்டு நீங்கவில்லை. 1915-இல் காலராவால் மரணத்தின் விளிம்புவரை சென்று தேறிவந்த நாட்களில், அந்தக் கூலியின் முகம் மீண்டும் அவர் முன் தோன்றிற்று. அது மெல்ல மெல்லக் கிறிஸ்துவின் முகமாக மாறிற்று.

உடல் முற்றும் தேறுமுன்பே அவர் ஃபிஜித் தீவுகளுக்குப் புறப்பட்டுவிட்டார். அங்கே நூறு ஆண்களுக்கு நாற்பது பெண்கள் என்ற கணக்கில் கூலிகள் ஏற்றிச் செல்லப்பட்டிருந்தனர். குடும்ப வாழ்வு சிதைந்து கிடந்தது. பியர்சனும் அவரும் 1916-இல் வெளியிட்ட அறிக்கை இந்தியாவை உலுக்கியது. எஞ்சியிருந்த ஒப்பந்தங்களும் 1920 ஜனவரி முதல் நாள் ரத்தாயின. ஏழைகளின் நண்பர் என்ற பொருளில் மக்கள் அவரை 'தீனபந்து' என்று அழைத்தனர்.

இடையே அவர் டெல்லியை விட்டுத் தாகூரின் சாந்திநிகேதனில் தங்கினார். திருச்சபைக் கோட்பாடுகள் சிலவற்றை மனமார ஓத இயலாததால் 1914-இல் குருத்துவப் பணியையும் துறந்தார். கிறிஸ்துவைத் துறக்கவில்லை, 1936-இல் அப்பணியை மீண்டும் ஏற்றார். நிறபேதத்தைக் கண்டித்த அதே மூச்சில் தீண்டாமையையும் கண்டித்தார். வைக்கம் சத்தியாக்கிரகத்தை ஆதரித்தார்.

1940 ஏப்ரல் 5 அன்று கல்கத்தாவில் அவர் காலமானார். நோயுற்றுக் கிடந்தபோது காந்தி வந்து அவரைப் பார்த்துச் சென்றிருந்தார். லோயர் சர்குலர் சாலைக் கல்லறையில் அவரது உடல் அடக்கம் செய்யப்பட்டது.