நிலத்தின் நெஞ்சைக் கண்டவர்

புலவர், போர்வீரர், தலைவர் வரலாறுகளை நாம் விரும்பிப் படிக்கிறோம். கட்டடப் பொறியியல் பயிலும் நான், நிலநடுக்கத்தைப் படித்துப் பூமியின் நெஞ்சையே கண்டறிந்த ஒருவரைப் பற்றி எழுத விழைகிறேன். அவர் ரிச்சர்டு டிக்சன் ஓல்டாம்.

1858-இல் டப்ளின் நகரில் பிறந்தார். தந்தை தாமஸ் ஓல்டாம், இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் முதல் தலைவர். மகனும் 1879-இல் அத்துறையிலேயே பணியேற்றார். 1869-ஆம் ஆண்டின் கச்சார் நிலநடுக்கம் குறித்துத் தந்தை முடிக்காமல் விட்டுச் சென்ற ஆய்வை மகன் முடித்து வெளியிட்டார்.

1897, ஜூன் 12. மாலை ஐந்தே கால் மணி. அஸ்ஸாம் குலுங்கியது. ஷில்லாங்கின் கற்கட்டடங்கள் தரைமட்டமாயின. சுமார் 1,500 பேர் மாண்டனர். மக்கள் பலர் வெளியில் இருந்த வேளை அது. நள்ளிரவாயிருந்தால் கணக்கு எங்கே போய் நின்றிருக்குமோ!

ஆய்வுப் பொறுப்பு ஓல்டாமிடம் வந்தது. செட்ராங் ஆற்றுப் பக்கம் நிலம் 35 அடி வரை உயர்ந்து நின்றதை அவர் பதிவு செய்தார். தரையிலிருந்து மேலே தூக்கி எறியப்பட்ட கற்கள், அதிர்வு புவியீர்ப்பையும் வென்றதை அவருக்கு உணர்த்தின. 1899-இல் அவர் அறிக்கை வெளிவந்தது.

தொலைதூர ஐரோப்பியக் கருவிகளும் அவ்வதிர்வைப் பதிந்திருந்தன. அப்பதிவுகளில் முந்தி வரும் அலை, பிந்தி வரும் அலை, மேற்பரப்பில் ஊரும் அலை என மூன்றைப் பிரித்துக் காட்டினார். உடல்நலம் குன்றி 1903-இல் ஓய்வு பெற்ற பின்னும் ஆய்வை விடவில்லை. 1906-இல், பூமிக்கு உள்ளே ஒரு கருவம் உண்டென்று அலைகளைக் கொண்டே நிறுவினார். 1936-இல் மறைந்தார்.

இதனால் நமக்கென்ன? முந்தும் அலை சேதம் குறைந்தது. பிந்துவனவே பெரும்பாலும் வீட்டைச் சாய்ப்பன. அந்தச் சில நொடி இடைவெளியைப் பயன்படுத்தியே இன்றைய முன்னெச்சரிக்கைக் கருவிகள் இயங்குகின்றன. ஷில்லாங் மக்களும் பாடம் கற்றனர். மரச்சட்டமும் நாணற்சுவரும் இலேசான கூரையுமாக வீடு கட்டினர். அவ்வீடு ஆடும், எளிதில் விழாது.

இன்றோ அதே மலைச்சரிவுகளில் மாடிமேல் மாடி எழுகிறது. கான்கிரீட்டின்மேல் குற்றமில்லை, கம்பியை முறையாகக் கட்டாத கையின்மேல்தான் குற்றம். நண்பர்களே, நாளை வரைபடத்தில் கையெழுத்திடப் போகிறவர்கள் நாம். நிலநடுக்கத்தை நம்மால் தடுக்க இயலாது. வீடு விழுவதைத் தடுக்க இயலும். ஓல்டாமுக்கு நாம் செலுத்தும் நன்றி அதுவே.